காலியாகாத நாற்காலிகள்

மணலூர்பேட்டையில் செந்தமிழ்ச்செல்வி வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். ‘கபடி செல்வி’ என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வாரம் முழுக்கக் கரும்பு வெட்டு, ஞாயிறானால் கபடி. இத்தனை வருஷத்தில் அவள் ஜெயித்துக் கொண்டுவந்ததெல்லாம் எவர்சில்வர் குடங்கள்தான். அந்த வீட்டில் குடத்துக்குப் பஞ்சமில்லை, அரிசிக்குத்தான் பஞ்சம்.

அப்பா ராமசாமி டிவி பார்த்துக்கொண்டே கணக்குப் போடுவார்.

“கிரிக்கெட்டுல கோடி கோடியா குடுக்குறான். ஆம்பள கபடிக்கும் இப்ப நல்ல ரேட்டு. உனுக்கு இன்னா குடுக்குறான்? குடம். போதும்மா. பொங்கல் முடிஞ்சதும் திருப்பூரு கம்பெனிக்குக் கெளம்பு.”

அவர் கணக்கில் தப்பில்லை, செல்விக்கு அதுதான் எரிச்சல்.

அந்தப் பொங்கல் போட்டியின் நோட்டீசிலும் அதே கதை. ஆண்களுக்கு முதல் பரிசு முப்பதாயிரம். பெண்களுக்கு ஐயாயிரமும் ஒரு குடமும். தன் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் செல்வி நேராக விழாக் குழுத் தலைவர் பொன்னுரங்கத்திடம் போனாள்.

“அவங்க வுழுற அதே மண்ணுலதான் நாங்களும் வுழுறோம். பரிசு மட்டும் ஏங்க கம்மி?”

“கூட்டம் ஆம்பள ஆட்டத்துக்குத்தாம்மா வருது. உங்க ஆட்டத்த நடுவுல சொருவிக்கினு இருக்கோம்.”

“அப்ப எங்க ஃபைனலக் கடைசியா வைங்க. கூட்டம் கலைஞ்சா எங்களுக்கு ஒண்ணும் வேணாம். கலையாம இருந்தா, ஜெயிக்கிற டீமுக்கு அதே முப்பதாயிரம்.”

எதிரணியான கரியாலூர்ப் பெண்களும் ஒத்துக்கொண்டார்கள். பொன்னுரங்கம் சிரித்தபடி மைக்கிலேயே அறிவித்துவிட்டார். காசு மிச்சம் என்று நினைத்திருப்பார், பாவம்.

ஆண்கள் ஆட்டம் முடிந்து கோப்பையும் கொடுத்தாயிற்று. வாடகை நாற்காலிக்காரர் பச்சமுத்து, கோப்பை கை மாறியதுமே நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிற ஆள். உட்கார்ந்திருப்பவர்களைக்கூட எழுப்பிவிடுவார். அன்றும் வந்து நின்றார். முன்வரிசையில் நாலு பேர் எழுந்தார்கள். போச்சு, திருப்பூர்தான் என்று நினைத்தாள் செல்வி.

அந்த நாலு பேரும் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் சூடு பிடித்தது. வேலை முடித்த பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். பச்சமுத்து வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். அடுக்குவதற்கு ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. கடைசியில் அவரும் கயிற்றோரம் நின்று பார்க்க ஆரம்பித்தார்.

கடைசி ரெய்டு. செல்வி அணி ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தது. உள்ளே போனவளை மூன்று பேர் காலிலும் இடுப்பிலும் பிடித்து அமுக்கினார்கள். மூன்று பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விரலை வைத்தாள். மூன்று பாயிண்ட். விசில் சத்தத்தில் மைக் காணாமல் போனது. என்ன ஆனந்தம் அது! எங்கள் ஊரில் எந்த ஆண்பிள்ளை ஆட்டத்துக்கும் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை.

பொன்னுரங்கம் கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, மறு பேச்சில்லாமல் முப்பதாயிரத்தை அவள் கையில் வைத்தார்.

எல்லோரும் போன பிறகும் பின்வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ராமசாமி. செல்வி ஓடி வந்தாள்.

“குடம் எதுனா குடுத்தாங்களா?”

“இல்லப்பா. ரூபாதான்.”

“அப்பாடா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிப் பச்சமுத்துவிடம் கொடுத்தார். “திருப்பூருக்குப் போன் போட்டு நீ வரலன்னு சொல்லிடறேன். அடுத்த ஆட்டம் எந்த ஊர்ல?”