மாமாவின் ரோலருக்கு ஆவி ஏறிய காலை

தெம்பைத் திரட்டிக்கொண்டு ஒரு வேலையில் இறங்குவதை இங்கிலீஷில் ‘நீராவி ஏற்றிக்கொள்வது’ என்பார்களாம். பழைய நீராவி இஞ்சின் ஓடிய காலத்தில் பிறந்த பேச்சாம். பள்ளியில் இங்கிலீஷ் சொல்லித்தரும் என் மருமகள் சொன்னாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் அந்த இஞ்சினை அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

என் தாய்மாமன் ராசிபுரம் சாலையில் ரோடு ரோலர் ஓட்டினார். கரி போட்டு நெருப்பு மூட்டினால், தண்ணீர் கொதித்து ஆவி சேர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை படுத்த யானை மாதிரி அசையாது. அதனால் மாமா தினமும் கோழி கூவும் முன்பே போய் மூட்டிவிடுவார். கல் கொட்டும் ஆட்கள் வரும்போது வண்டி தயாராக இருக்கும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். மாமாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர், மாப்பிள்ளை வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அம்மாவுக்கோ எப்படியாவது அந்தச் சம்பந்தம் அமைய வேண்டும். முந்தின நாளே மாமாவிடம் சொல்லிவைத்து, காலையில் பெண்ணின் அப்பாவை அழைத்துப் போனாள். தூக்குப்போசியில் மாமாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் பின்னால் நடந்தேன்.

ரோலர் சும்மா நின்றது. மாமா சக்கரத்தில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கல் உடைக்கும் பெண்களுக்கு ஒரே சிரிப்பு.

“எங்கூட்டு எருமை இந்நேரம் ரெண்டு நடை போயிட்டு வந்திருக்குமுங்க!”

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏனுங்க மாப்பிள்ளை, இது நவுருமுங்களா, இல்ல நெழலுக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்களா?”

மாமா இன்னொரு பீடியைப் பற்றவைத்தார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. “சரிங்க, நான் வாரனுங்க” என்று பெண்ணின் அப்பா திரும்பினார்.

புது ஆளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறவள் நான். அன்றைக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ, அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

“இன்னும் ஆவி ஏறலீங்க. ஏறினா ரோடே நடுங்குமுங்க. மாமா சோறு திங்கற நேரம் உக்காருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்தார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒவ்வொரு பருக்கையாக மென்றார். ஆவியா காத்திருக்கும்? புஸ்ஸென்று சீற ஆரம்பித்துவிட்டது. மாமா ஏறி உட்கார்ந்து ஊதலை ஊத, ரோலர் கல்லை நொறுக்கிக்கொண்டு கிளம்பியது. பெண்ணின் அப்பா எழுந்து நின்று பார்த்தார்.

வைகாசியில் கல்யாணம். எனக்குப் பட்டுப்பாவாடை. அத்தையும் மாமாவும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். மாமாவின் மானத்தை நான்தான் காப்பாற்றினேன் என்று எனக்கு வெகுநாள் பெருமை.

தினமும் கோழி கூவும் முன்பே நெருப்பு மூட்டுகிறவர், அன்று மட்டும் ஏன் விடிந்த பிறகு மூட்டினார் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.