நாற்பது ரூபாய் லொறி

பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச, இலங்கை மலையகத்தின் மடுல்சீமைப் பக்கத்தில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சேலைக்காரர் வந்தால், அவர் மூட்டையைப் பிரிக்கும் முன்பே லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் எனக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். என் கணவர் இதற்கு நேர் எதிர். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். கடைக்காரர் விலை சொன்னால் "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் காசை எடுத்து நீட்டுகிற மனிதர்.

எழுபதுகளின் நடுவில் அவருக்குப் பதுளையைத் தாண்டி ஹாலிஎலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. லொறி பிடிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாங்கள் இருந்த தோட்டத்துக்கு அப்போது ஒரே ஒரு லொறிதான் வரும். பதுளையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி, தோட்டத்துக் கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு அதைத் தானே ஓட்டி வருவார். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். திரும்பும்போது லொறி வெறுமையாகத்தான் போகும். வெறும் லொறிக்காரரிடம் பேரம் சுலபமாகப் படியும் என்பது என் கணக்கு.

அவர் நூற்றைம்பது கேட்பார், நான் எழுபது என்பேன், நூறில் முடியும். நூறு ரூபாய்தான் நியாயமான வாடகை. அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். இன்னொரு தந்திரமும் கைவசம் இருந்தது. போகிற இடத்தை முழுதாகச் சொல்லக் கூடாது. பதுளை வரைக்கும் என்று பேசி முடித்துவிட்டு, அங்கே போனதும் "இன்னும் கொஞ்சம் போயிருங்க நானா" என்று இழுக்க வேண்டும். ஏற்றிய சாமானை யார் நடுத்தெருவில் இறக்குவார்கள்?

நானா வந்து, வாசலில் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். எல்லாம் தேயிலைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் என் கணவரின் பெயர், முத்து முத்தான எழுத்தில்.

"பதுளைக்குத்தானே, தங்கச்சி?"

"ஆமாங்க நானா, பதுளைக்குத்தான்."

"எல்லாருமா போறீங்க?"

"எல்லாருந்தான். யாரை விட்டுட்டுப் போறது?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நாப்பது ரூவா குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபது என்று சொல்லத் திறந்த வாயை மூடத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் அது தானாகவே பேசியது.

"முப்பதுன்னு வச்சுக்கங்க."

"சரி, முப்பது."

"இல்ல, இல்ல. நாப்பதே இருக்கட்டும்."

"வேணாம் தங்கச்சி, முப்பது போதும்."

"நாப்பதுதான்!" என்று அதட்டினேன். அவர் தலையாட்டினார். என் ஆயுளில் விலையை ஏற்றி ஜெயித்த ஒரே பேரம் அது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேரம் என்றால் அவர் தலையில் கை வைத்து டீசல் விலையைச் சொல்லிப் புலம்ப வேண்டும். நான் "வேணாம் போங்க" என்று முகத்தைத் திருப்ப வேண்டும். அவர் நாலு எட்டுப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். பந்தியில் உட்கார வைத்து, இலையும் போட்டு, சோறு போடாமல் எழுப்பிவிட்டது போல இருந்தது.

"மலிவாக் கெடச்சா நல்லதுதானே?" என்றார் என் கணவர்.

"மலிவு வேற, நியாயம் வேற. லொறியில என்னமோ கோளாறு இருக்கு" என்றேன்.

சாமான் ஏற்றிய அன்று லொறியைச் சுற்றி வந்து டயர்களை உதைத்துப் பார்த்தேன். டயர்கள் நன்றாகத்தான் இருந்தன. பிள்ளைகளோடு நான் முன்னால் ஏறிக்கொண்டேன். கணவர் பின்னால் பெட்டிகளோடு. தோட்டத்துக் கோயிலடியில் நானா தானாகவே லொறியை நிறுத்தினார்.

"எறங்கி நல்லாக் கும்பிட்டுட்டு வாங்க."

கும்பிட்டுவிட்டு வந்தோம். முதல் வளைவில், "மலையெல்லாம் ஒருக்கா நல்லாப் பாத்துக்கங்க, தங்கச்சி" என்றார். குரல் கம்மியிருந்தது. பிரேக் இல்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. பசறை வரும் வரை பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடியே இருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. பதுளைக்குள் நுழைந்த லொறி நேராக ரயில் ஸ்டேஷன் முற்றத்தில் போய் நின்றது. நானா இறங்கிப் போய் இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கிவந்து பிள்ளைகள் கையில் கொடுத்தார்.

"போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடுங்க. கப்பல்ல புள்ளைங்களக் கையில புடிச்சுக்கங்க."

"கப்பலா? ஹாலிஎலைக்கு எதுக்கு நானா கப்பல்?"

அவர் என்னைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் எங்கள் தோட்டத் தமிழ்ச் சனங்கள் தோட்டம் தோட்டமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் தேயிலைப் பெட்டியில் சாமானைக் கட்டி, மேலே பெயின்டில் பெயர் எழுதுவார்கள். எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் என் கணவரிடம்தான் வருவார்கள். மீந்துபோன பெயின்டை வீணாக்குவானேன் என்று அவர் எங்கள் பெட்டிகளிலும் எழுதிவைத்திருந்தார்.

"அப்ப நீங்க இந்தியாவுக்குப் போகல்லியா?"

"இல்லீங்க. எங்களுக்கு இங்கதான் பிரஜாவுரிமை கெடச்சிருக்கு."

நானா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே கையை நீட்டினார். "அப்ப நூத்தம்பது!"

"என்னது? நாப்பதுன்னு பேசிட்டு!"

"போறவங்ககிட்ட நான் பேரம் பேசுறதில்ல. இருக்கிறவங்கள விடமாட்டேன். நூத்தம்பது!"

"எழுபது!" என்றேன். எனக்கு உயிர் வந்துவிட்டது.

அவர் தலையில் கை வைத்தார். டீசல் விலையைச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பினேன். அவர் நாலு எட்டுப் போய்த் திரும்பிப் பார்த்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. என் கணவர் மட்டும் கூச்சத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்கு இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ரயில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். வழியனுப்ப வந்தவர்களின் ஒப்பாரி முற்றம் வரைக்கும் கேட்டது. வாசலோரம் தேயிலைப் பெட்டி மேல் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டு எங்களையே பார்த்தாள்.

"விடாதீங்கக்கா, இன்னும் எறங்குவாரு" என்றாள். பிறகு, "எங்க சாமானையும் நேத்து இவருதான் ஏத்திக்கிட்டு வந்தாரு. ஒரு வார்த்தை பேரம் பேசல. கேட்டதுக்கெல்லாம் சரின்னுட்டாரு. அப்பவே எனக்கு மனசு விட்டுப்போச்சு" என்றாள்.

நானா குனிந்து செருப்பைப் பார்த்தார். ஆனாலும் நான் நூறை விட்டு ஏறவில்லை, அவர் நூற்றுப்பத்தை விட்டு இறங்கவில்லை.

மணி அடித்தது. அவளை ஏற்றினார்கள். நாங்களும் பின்னாலேயே பிளாட்பாரத்துக்குப் போய்விட்டோம். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"முடிச்சிருங்கக்கா! எவ்வளவுன்னு தெரியாமப் போனா ராமேஸ்வரம் வரைக்கும் மனசு அரிச்சுக்கிட்டே கெடக்கும்!"

கோச்சி நகர்ந்தது. நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் ஜன்னலோடு சேர்ந்து ஓடினோம்.

"நூத்தஞ்சு!" என்று நான் கத்தினேன்.

"நூத்தஞ்சு, தங்கச்சி! நூத்தஞ்சு!" என்று நானாவும் கத்தினார்.

சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் கையை வெளியே நீட்டிச் சிரித்தாள். "நியாயமான வெலதான்!"

கோச்சி கண்ணை விட்டு மறையும் வரை நின்றோம். முந்தானையில் இருந்த நூறை அவிழ்த்து, கணவரிடம் ஐந்து ரூபாய் வாங்கிச் சேர்த்து நீட்டினேன். நானா ஈரக் கண்ணோடு ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். அவர் அப்படி எண்ணியது எனக்குப் பிடித்திருந்தது.