ராட்சசக் குடியில் அண்ணி

அந்தக் கல்லறையின் வட்டத் துளையும், அதன் வழியே நீண்டு வந்த அண்ணியின் கையும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. நாங்கள் பிழைக்கப் போன தெலுங்குச் சீமையில், மௌலாலிக் குன்றைத் தாண்டிய மேய்ச்சல் காட்டில், நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பாறையால் மூடியிருந்தார்கள். எந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் பிணங்களுக்குக் கட்டியதோ! ஆடு மேய்க்கிறவர்கள் அதை ராட்சசக் குடி என்பார்கள். மழைக்குக்கூட உள்ளே ஒதுங்க மாட்டார்கள்.

பிளேக் பரவிய வருடம் அது. எனக்குப் பதினான்கு வயது. எங்கள் ரயில்வே குடியிருப்பில் ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்தால் போதும், சுற்றியிருக்கிற எல்லோரையும் முகாமுக்கு அனுப்பிவிட்டுக் கூரை ஓடுகளைப் பிரித்துவிடுவார்கள். அண்ணிக்கு அக்குளில் நெறி கட்டியதும் அண்ணன் வெளியே மூச்சுவிடவில்லை. ஊருக்குப் போகிறாள் என்று சொல்லி, விடியற்காலையில் மாட்டுவண்டியில் கொண்டுபோய் அந்தக் கல்லறைக்குள் படுக்க வைத்தான். நரி வரும் என்று பக்கவாட்டு இடைவெளியைக் கற்களால் அடைத்தான்.

"காய்ச்சல் உட்டதும் வந்து கூட்டிக்கினு போறேன்" என்றான். வீட்டில் பால் மறக்காத பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

நான் கஞ்சி கொண்டுபோவேன். துளை வழியே கை வரும். "கொயந்த இன்னா பண்றான்?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் அண்ணன் போய்த் தூரத்தில் நின்றே கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லையாம். கிட்டே போகாமலே திரும்பி வந்து, முடிந்துவிட்டது என்றான். அதன்பிறகு அம்மா என்னை வாசல்படி தாண்ட விடவில்லை. ஊரில் இறந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

கருமாதியன்று பந்தி நடக்கும்போது அண்ணி வாசலில் வந்து நின்றாள். எலும்பும் தோலுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. அடைத்த கற்களை எப்படித் தள்ளினாளோ!

"நான் சாவல, அத்த. புள்ளைய ஒரு தரம் குடு" என்றாள் அம்மாவிடம்.

"யாரோ பைத்தியக்காரி. தொரத்துங்க" என்றான் அண்ணன்.

பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவர்கள் வீட்டு ஓடும் பிரியும். "நக்கோம்மா, வேணாம், போயிடு" என்றார் அடுத்த வீட்டுக்காரர், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் அவளிடம் ஓடினேன். அம்மா என் தலைமயிரைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் எப்படியோ தப்பித்துப் போனேன். அண்ணி கல்லறைக்கே திரும்பியிருந்தாள். துளையில் வைத்த கஞ்சியை வெளியே தள்ளினாள். "எடுத்துக்கினு போ. செத்தவளுக்கு இன்னாத்துக்குக் கஞ்சி?"

சில நாள் கழித்து, என்னை அங்கே பார்த்திருந்த ஆட்டுக்காரன் வீடு தேடி வந்து, "சச்சிபோயிந்தி", செத்துவிட்டாள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் குன்றுப் பக்கம் கை காட்டினான். ரயில்வே பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன், "ஒருத்திக்கு எத்தினி வாட்டி கருமாதி பண்றது?" என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பிள்ளை இப்போது அதே பட்டறையில் வேலை பார்க்கிறான். வருடந்தோறும் தன் அம்மாவுக்குத் திதி கொடுக்கிறான், அண்ணன் தூரத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்த அந்த நாளில். போன வருடம் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். இந்த வருடமும் அதே நாளில்தான் எள்ளும் தண்ணீரும் விட்டான். ஏனென்று கேட்டேன்.

"ஐயருக்கு அந்த நாள்தான் பழக்கம், அத்தை" என்றான்.