முனிவேலின் காதும் கிருஷ்ணப்பனின் காளையும்

சூளகிரிச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கத்துவார்கள். மாட்டு விலையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அது துண்டுக்கடியில் விரல்களால் பேசப்படும். அதனால்தான் மாட்டுத் தரகர் முனிவேலுக்குக் காது அடைத்துப்போனதை ஒரு வருஷமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவரும்தான். தனக்கு ஐம்பத்தைந்து வயதானதும் ஊரே மரியாதை கற்றுக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி சென்னம்மா திட்டும்போதும் சிரித்தபடி தலையாட்டினார். அந்த இல்லறத்தில் அதற்குமுன் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

காளையின் விலாவில் காதை வைத்து மூச்சைக் கேட்டு, "இழுப்பு இல்லை" என்று அவர் சொன்னால் பேரம் முடிந்தது. சம்பந்தி கிருஷ்ணப்பனுக்கும் அப்படித்தான் ஒரு வெள்ளைக் காளையை முடித்துக்கொடுத்தார். அது இரண்டு சால் ஓட்டுவதற்குள் துருத்திபோல் இரைத்தது.

"சம்பந்தி, அடுத்த சந்தைக்கு இதே மாட்ட இட்டாறேன். எல்லார் முன்னாடியும் காது வெச்சிக் கேளுங்க. மறுபடியும் இழுப்பு இல்லைன்னீங்கன்னா, தோள்ல கீற துண்ட எறக்கிட்டு தரகையே விட்டுடணும்" என்றார் கிருஷ்ணப்பன். இதையே பலமுறை கத்தவேண்டியிருந்தது.

அப்போதுதான் தன் காதின்மேல் சந்தேகம் வந்த முனிவேல் கோணி ஊசியோடு அதைக் குடைய உட்கார்ந்தார். சென்னம்மா பிடுங்கினாள்.

"குடைஞ்சி குடைஞ்சிதான் உள்ள தள்ளி வெச்சிகினு கீற. நீ செவுடா போனா நான் திட்றத எவன் கேப்பான்?"

ஓசூர் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். வலி, சீழ் உண்டா என்று விசாரித்தார், இரண்டும் இல்லை. "எண்ணெய் வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு, நாலு நாளைக்கு. ஊசி, குச்சி, கோழியிறகு எதுவும் காதுக்குள்ள போகக்கூடாது. அப்புறம் வா."

நாலு நாள் கழித்துச் சென்னம்மாவோடு போனார். வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சாங்குழலில் ஏற்றி டாக்டர் மெதுவாகப் பாய்ச்சினார். புளியங்கொட்டை நிறத்தில் இரண்டு உருண்டைகள் கிண்ணத்தில் விழுந்தன. முதலில் கேட்டது சென்னம்மாவின் குரல்.

"ஏம்மே, இப்டியா கத்துவ?"

"ஒரு வருஷமா இப்டித்தான்."

அடுத்த சந்தையில் காளையின் விலாவில் காதை வைத்தார். துருத்தி தெளிவாகக் கேட்டது. இல்லை என்றால் துண்டு போகும்; உண்டு என்றால் அன்று சொன்னது பொய்யாகும். அடைத்த காதில் இந்த வில்லங்கம் இருந்ததில்லை.

"இழுக்குது சம்பந்தி. அன்னிக்கும் இழுத்திருக்கும். என் காதுலதான் அழுக்கு. மாட்ட நானே ஓட்டிகினு போறேன்."

சந்தை சிரித்தது. அதுவும் முழுசாகக் கேட்டது.

நழுவிய துண்டைக் கிருஷ்ணப்பனே எடுத்து அவர் தோளில் போட்டார். "இது இருக்கட்டும். இனிமே மாட்டப் பாக்கறதுக்கு முன்னாடி ஒங்க காதப் பாத்துக்குங்க."

இப்போது கொட்டகையில் காளை இரைக்கிறது, அடுப்படியில் சென்னம்மா இரைகிறாள். முனிவேல் அப்புறம் காதில் ஊசி வைத்ததே இல்லை. ஆனால் அந்த உருண்டைகளை டாக்டரிடமே விட்டுவந்தது தப்பு என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.