ஐந்து சிப்பிப் பொத்தான்கள்

பழைய கோட்டுக்கு வயது சொல்வதில் எனக்கு நிகரான ஆள் திண்டுக்கல்லில் கிடையாது. வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை என்பது தனி விஷயம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிரை வாஷ் கடை வைத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. பூட்டன் காலத்துக் கல்யாணக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வருகிறவர்கள், அழுக்கெடுத்துக் கொடு என்பதோடு, "இது எப்ப தச்சதா இருக்கும்?" என்றும் கேட்பார்கள். நான் வருடம் சொல்ல மாட்டேன். பத்து வருடம் முன்னே பின்னே என்று சொல்வேன். கேட்கிறவர் முகம் மலர்வதைப் பார்த்தால் இன்னொரு பத்து வருடத்தையும் இனாமாகச் சேர்த்துக் கொடுப்பேன்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வடமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பூ விவசாயம். தொண்ணூறைத் தொடுகிற வயது, குரலுக்கு மட்டும் நாற்பது. மஞ்சள் பையிலிருந்து டிரில் துணியில் தைத்த இரண்டு வெள்ளைக் கோட்டுகளை எடுத்து மேசைமேல் போட்டார். வெள்ளை என்பது பிறந்தபோது. இப்போது வடிகட்டின டீயின் நிறம். இரண்டும் கழுத்து மூடிய கோட்டு, இரண்டிலும் ஐந்தைந்து பொத்தான்.

"எங்க சித்தப்பன் வீட்டை இடிச்சப்ப பரண்ல கெடந்துச்சு. ஒண்ணு எங்கப்பா கல்யாணத்துக்குத் தச்சது. இன்னொண்ணு பத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சு, அதே மாதிரி வேணும்னு சித்தப்பன் தச்சுக்கிட்டது. எது எங்கப்பாதுன்னு சொல்லு அப்பு."

அவர் தவழ்கிற வயதில் அப்பா இறந்துவிட்டார். ஒரு போட்டோகூட இல்லை. "நான் அவரை உரிச்சு வச்சிருக்கேன்னு ஊருல அம்புட்டுப் பேரும் சொல்லுவாக. அவரு கோட்டைப் போட்டுக்கிட்டு நான் உக்காந்தா அதான் அவரு போட்டோ. மாலை போட்டு வீட்டுல மாட்டிருவேன்."

"வயசு மட்டும் செத்த தூக்கலா இருக்குமே அய்யா."

"கழுத்துச் சுருக்கத்தை மாலை மறைச்சிரும். நீ மாத்திச் சொல்லிராத. எங்கம்மாவையும் என்னையும் வீட்டை விட்டு முடுக்குனவன் அந்தச் சித்தப்பன். அவனுக்கு நான் மாலை போடுறதா?"

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். ஒன்றில் பிளாஸ்டிக் பொத்தான். மற்றதில் சிப்பிப் பொத்தான். உதட்டில் வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. அசல் சிப்பிதான். பிளாஸ்டிக் பின்னால் வந்தது, சிப்பி முந்தியது என்று ஒரு சொற்பொழிவு நடத்தி, "இதுதான் உங்க அப்பாது" என்று சிப்பிக் கோட்டை அவர் தோளில் போட்டேன். மொத்தம் ஐந்து நிமிடம். ராகுகாலம் முடிந்து பன்னிரண்டேகாலுக்குப் போட்டோ என்று அடுத்த தெருவில் இருந்த ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார். போகிற போக்கில், "அந்தச் சனியனை வெளுத்து வை, எவனுக்காச்சும் குடுத்துரலாம்" என்றார்.

கோட்டுக்கு அழுக்கெடுக்குமுன் பொத்தான்களைக் கழற்றிவிடுவது என் வழக்கம். பன்னிரண்டு மணிக்குச் சனியனைக் கையில் எடுத்தேன். ஐந்தாவது பிளாஸ்டிக்கையும் வெட்டிவிட்டுக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு பொத்தானுக்கடியிலும் கையால் ஓரம் தைத்த ஒரு சின்னத் துளை. உள்பக்கம் திருப்பினால் துளையைச் சுற்றி வளையம் வளையமாகத் துருக்கறை.

வண்ணான் கல்லில் அடித்தால் பொத்தான் நொறுங்கும் என்று அந்தக் காலத்தில் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைப்பார்கள். பொத்தானின் முதுகிலிருக்கும் காதைத் துளைவழியே உள்ளே விட்டு ஒரு கம்பி வளையத்தை மாட்டிவிடுவது. துளை இருக்கிற கோட்டுதான் மூத்தது. நான் கொடுத்தனுப்பியதில் காஜாவெல்லாம் மெஷினில் அடித்தது. எறும்பு வரிசைபோல ஒரே சீராக இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொத்தானைப் பார்த்து வயது சொல்லாதே, உள்பக்கத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அண்ணன் செத்தபின் அவர் கோட்டிலிருந்த சிப்பிகளைப் பிடுங்கித் தம்பி தன் கோட்டில் தைத்துக்கொண்டிருக்கிறான். அந்தத் திருட்டுக்கு நான் சான்றிதழும் கொடுத்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இந்த யோசனை வந்து, மாமனார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி சௌகரியமாக ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்தச் சித்தப்பன் மாலையும் சந்தனப் பொட்டுமாகச் சுவரில் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கையில் கத்தரிக்கோல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தெரு கவனித்தது. எப்போதும் முட்டி மோதுகிற ஷேர் ஆட்டோக்காரர் அன்று ஒதுங்கி வழிவிட்டார். "அண்ணே, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்ணே!" என்று இளநீர்க்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஸ்டுடியோவில் பெரியவர் பவுடர் பூசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தார்.

"நிறுத்துங்க! அது சித்தப்பன் கோட்டு!"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் துருக்கறையைத் தடவிப் பார்த்தார்.

"பொத்தானைக்கூட விட்டு வைக்கலையா அவன்!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, காலையில அம்புட்டு வாய் பேசுனியே?"

"கோட்டைப் பாக்காம பேசிட்டேன்யா. இப்பப் பாத்துட்டுப் பேசுறேன்."

"வாயை மூடிக்கிட்டு வெட்டு."

ஐந்து சிப்பிகளையும் வெட்டியெடுத்தேன். கம்பி வளையத்துக்கு எங்கே போவது? போட்டோக்காரர் மேசையிலிருந்து ஐந்து ஊக்கு கொடுத்தார். ஒவ்வொரு சிப்பியும் காதை நீட்டித் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. காஜாவில் மாட்டினால் நூலளவு இடைவெளி இல்லை. பெரியவர் அப்பாவின் கோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு, பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தடவி, தோளை நிமிர்த்தினார்.

"அய்யா, லேசாச் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

பெரியவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "எங்கப்பா எப்பிடிச் சிரிப்பாருன்னு எனக்குத் தெரியாதேப்பா."

இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோட்டோடு சேர்த்து எத்தனை பழைய போட்டோ பார்த்திருக்கிறேன்.

"அந்தக் காலத்து மாப்பிள்ளை எவன்யா போட்டோவுல சிரிச்சான்? எல்லாரும் கேமராக்காரன் தன் காட்டு வரப்பை வெட்டுன மாதிரி மொறைச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க."

"அப்பச் சரி" என்று பெரியவர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, கேமராவை நேராக முறைத்தார். போட்டோக்காரர் அரையடி பின்வாங்கி எடுத்தார்.