எப்போதும் எட்டு

மாயகிருஷ்ணனிடம் எப்போது கேட்டாலும் எட்டு என்றுதான் சொல்வான்.

கோவில்பட்டியில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஜிம் இருந்தது. அதை நடத்திய முத்துசெல்வம் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். 2009-ல் பிரவுசிங் சென்டரில் இரண்டு தாள் பிரிண்ட் எடுத்து வந்து, முத்துசெல்வம் ஒரு புது முறையைத் தொடங்கினான். இன்றைக்கு இத்தனை கிலோ என்று முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது. கம்பியைத் தூக்கி இறக்கியதும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று தூக்கியவனே பத்துக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். பத்து என்றால் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பது என்றால் இன்னும் ஒரு தடவை தூக்கலாம். எட்டு என்றால் இரண்டு தடவை. அந்த எண்ணை நோட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தான் கம்பியில் எடைத் தட்டைக் கூட்டுவதும் கழற்றுவதும்.

பகலில் மாயகிருஷ்ணன் மக்காச்சோள குடோனில் லோடுமேன். ஒரு லாரியை இறக்கி முடித்ததும் மேஸ்திரி கண்ணுசாமி, "இன்னொரு லாரி தாங்குமாலே?" என்பார். "ரெண்டு வந்தாலும் வரட்டும் அண்ணாச்சி" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். போதும் என்றவனை மறுநாள் கூப்பிட மாட்டார். பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இரண்டு மிச்சம் என்பது அவன் வாயில் தானாக வந்தது.

தை மாதம் தூத்துக்குடியில் மாவட்ட வலுதூக்கும் போட்டி, தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் பிரிவு மட்டும். முதலாவதாக வருபவன் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அப்படிப் போனவர்களை ஒரு நூற்பாலை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. முதுகு போவதற்குள் மூட்டையிலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஐப்பசியில் ஒருநாள், மூன்று லாரி இறக்கிவிட்டு ஜிம்முக்கு வந்தான். நூற்றெண்பது கிலோவைத் தூக்கி இறக்கி, "எட்டு" என்றான். முத்துசெல்வம் பத்து கிலோ கூட்டினான். கம்பி முட்டிவரை வந்தது. இடது கால் மரத்துப்போனது. கம்பி டமார் என்று கீழே விழுந்தது.

முத்துசெல்வம் நோட்டைப் புரட்டினான். "ஏலே, நாப்பது நாளா எட்டுதான் இருக்கு. காய்ச்சல் அன்னைக்கும் எட்டு! உனக்குப் பின்னால லாரி நிக்கா? கம்பிக்கிட்ட எதுக்குலே பொய் சொல்லுத?"

வீட்டில் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை. மனைவி பானு கழற்றிவிட்டாள்.

"வலிக்குதா?"

"லேசா."

"அங்கனயும் லேசு, இங்கனயும் லேசு. எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க."

"கால் மரத்துப்போச்சு பானு" என்றான். அவள் கீழே உட்கார்ந்தாள். காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நூற்றிருபதைத் தூக்கிவிட்டு, "ஒம்பதரை" என்றான்.

"நூத்தியிருவதுக்கேவா? சீக்குக்கோழி!" என்று ஒருவன் சிரித்தான். முத்துசெல்வம் சிரிக்காமல் தட்டைக் கழற்றினான். அவன் சொல்லும் எண்ணுக்கேற்ப, லாரி அதிகம் வந்த நாளில் கம்பியில் தட்டு குறைந்தது, வராத நாளில் கூடியது. கார்த்திகை முடிவதற்குள், நூற்றெண்பதுக்கு எட்டு என்று அவன் சொன்னபோது அது நிஜமான எட்டு.

ஆனால் தன் உடம்பை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் பழக்கம் ஜிம்மோடு நிற்கவில்லை. மார்கழியில் ஒருநாள் கண்ணுசாமி, "இன்னொரு லாரி தாங்குமாலே?" என்று கேட்டார். மாயகிருஷ்ணன் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்ல அண்ணாச்சி, இன்னைக்கு அவ்வளவுதான்" என்றான்.

சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். கண்ணுசாமி கோபப்படவில்லை. "சரி, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றார். மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

பதினேழு நாள் வேலை இல்லை. மூட்டை தூக்காத உடம்பு கம்பியை விளையாட்டாகத் தூக்கியது. நூற்றுத் தொண்ணூறு, எட்டு. "நீதாம்லே ஃபர்ஸ்ட்டு" என்று முத்துசெல்வம் குதித்தான். மாயகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் பானு தட்டில் போட்ட சோறு குறைந்துகொண்டே வந்தது. அவள் தட்டில் இன்னும் குறைவு. கேட்டால், "எனக்குப் பசியில்ல" என்றாள். அது எத்தகைய பதில் என்று அவனுக்குத் தெரியாதா?

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு குடோன் வாசலில் போய் நின்றான்.

"மூணு லாரி நிக்குது. தாங்குமாலே?" என்றார் கண்ணுசாமி.

"ரெண்டு சேர்த்து வந்தாலும் வரட்டும் அண்ணாச்சி."

அந்த மூன்று லாரியின் அலுப்போடு தூத்துக்குடியில் இரண்டாவது வாய்ப்பில் நூற்றெண்பத்தைந்தைத் தூக்கினான். முதலில் இருந்தவன் நூற்றுத் தொண்ணூறு. கடைசி வாய்ப்பு பாக்கி இருந்தது. இடது கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

"எத்தனலே?" முத்துசெல்வம் காதருகே கேட்டான். "நூத்தித் தொண்ணூத்தஞ்சு எழுதிக் கொடுக்கட்டா?"

எட்டு என்று நாக்குவரை வந்துவிட்டது.

"பத்து" என்றான் மாயகிருஷ்ணன். "ஒண்ணும் மிச்சமில்ல."

முத்துசெல்வம் ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு நடுவர் மேஜைக்குப் போய், கடைசி வாய்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை குடோனில், முதல் லாரி இறங்கியதும் கண்ணுசாமி வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள், "வரட்டும் அண்ணாச்சி" என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குனிந்தான்.