வைக்கோற்போரின் மறைவு

"ஏட்டி, ஒனக்கு இதெல்லாம் பிடிபடுமா?" என்று விடுதி அறைத்தோழி முன்பு கேட்டாள். மேசைமேல் பொம்மை வீரர்களை நகர்த்தும் அந்தப் போர் விளையாட்டின் விதியை இன்று நான்தான் அவளுக்குச் சொன்னேன்: சுவர் மறைவில் நிற்பவளைத் தாக்குவது கடினம், வெளியே ஓடுபவள்மேல்தான் எதிரியின் அடி விழும். நாங்கள் இருவரும் ஒரே அணி.

சொன்னதும் பூதப்பாண்டியில் எங்கள் வீட்டு வைக்கோல் வாசம் வந்தது. முந்திரி ஆலைக்கு ஆள் பிடிக்க மேஸ்திரி வந்த அன்று, நானும் அக்காவும் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம்.

"ஒருத்தியையாவது அனுப்பும்" என்று அப்பாவிடம் சொன்னார் மேஸ்திரி.

"மக்கா, நீ அனங்காத. நீ படிக்கணும்" என்று கிசுகிசுத்து, அசையாமல் இருக்க என் தோளை அழுத்திவிட்டு அக்கா வெளியே ஓடினாள்.

எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். முந்திரித்தோட்டு எண்ணெய் அக்காவின் கைரேகையைத் தின்றுவிட்டது. ரேஷன் கடை இயந்திரத்துக்கு அவளைத் தெரிவதில்லை.

"என் ஆளு இன்னும் ஒரு அடி வாங்குனா செத்துருவாட்டி" என்றாள் தோழி.

அதற்குள் என் வீராங்கனையை வெட்டவெளிக்கு நகர்த்தியிருந்தேன்.